பானாவில் தொடங்கும் பெயர்

மூன்றாவது நிகழ்ச்சிக்குக் கைதட்டல் எழுந்தபோதுதான், கையிலிருந்த தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டதைப் பியூலா கண்டாள். பிரித்தாள். மடிமேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள். இன்னும் இரண்டு நிகழ்ச்சி. வாலிபர் சங்கத்தாரின் பாட்டு ஒன்று, பிறகு பிள்ளைகளுக்கான வினாடி வினா, அது முடிந்ததும் நிகழ்ச்சியை நடத்துகிற எட்வின் மைக்கைப் பிடித்து அவள் பெயரைச் சொல்வான், அவள் எழுந்து போக வேண்டும், ஒன்பது எட்டு நடை, பிறகு நான்கு படி, பிறகு மைக். பாளையங்கோட்டையில் டிசம்பர் நடுவிலும் மூன்று மணி வெயில் வெயில்தான். கடைசியில் போடப்போகிற படத்துக்காகச் சபை மண்டபத்தின் ஜன்னல்களையெல்லாம் சாத்திக் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள், மின்விசிறிகள் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பின, பின்னால் எங்கிருந்தோ கேக்கின் கிராம்பு வாசனை வந்து தொண்டையில் உட்கார்ந்தது. தாளின் உச்சியில் அவளே தட்டச்சு செய்த தலைப்பு. இந்தப் பண்டிகைக்கு வாசிக்கப் புத்தகங்கள் ஐந்து, பார்க்கப் படங்கள் மூன்று. ஆறு வருஷமாகச் சபை மடலின் டிசம்பர் இதழில் அவள் எழுதுகிற பட்டியல். எழுதும்போது தெரியவில்லை. இப்போது தலைப்பையே கடக்க முடியாது போலிருந்தது. பண்டிகை பானா. புத்தகம் பானா. படம் பானா. பார்க்க, அதுவும் பானா. பண்டிகைக்குப் பதில் கிறிஸ்துமஸ் என்று போடலாமென்றால் அது கானா, கானா சில நாள் விடும், சில நாள் விடாது, இன்று எப்படிப்பட்ட நாள் என்று யாருக்குத் தெரியும். சரி, விழா. புத்தகத்துக்கு நூல். படத்துக்குச் சினிமா. விழாவுக்கு வாசிக்க நூல்கள் ஐந்து, ரசிக்கச் சினிமா மூன்று. நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. முப்பது வருஷமாக யாருக்கும் ஒன்றும் தெரியாது. உதடும் உதடும் ஒட்டுகிற இடத்தில்தான் அவளுக்குச் சங்கடம். ஒட்டும், பிறகு பிரியாது, உள்ளே காற்று முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், எதிரில் இருப்பவர் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வரும், சிரிப்பு போனதும் பரிதாபம் வரும். அந்த இரண்டையும் எட்டு வயதில் பார்த்தாள். இனிமேல் பார்ப்பதில்லை என்று அப்போதே முடிவுசெய்தாள்.

போதகரின் மனைவியை எல்லோரும் ஐயரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் பியூலாவின் பட்டியலை இந்தக் கூட்டத்தில் வாசிப்பது அவர்தான். வாசித்து முடித்து "எழுதுனது நம்ம பியூலா" என்பார், பியூலா இருந்த இடத்திலிருந்தே தலையைக் குனிந்து சிரிப்பாள், அவ்வளவுதான். இன்று மத்தியானம் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் தோளைப் பிடித்தார். "வீடு வீடா கேரல் ரவுண்ட்ஸ்ல பாடிப் பாடித் தொண்டை போச்சும்மா, வெறும் காத்துதான் வருது. இன்னைக்கு நீயே வாசிச்சிரு, என்ன?" முடியாது என்று சொல்லியிருக்கலாம். அது மானா; உதடு ஒட்டுகிற எழுத்துதான் அதுவும், ஆனால் அது அவளை விட்டுவிடும், ஏனென்று தெரியாது. ஆனால் ஏன் முடியாது என்று கேட்பாரே. தலையாட்டினாள். தலையாட்டித் தலையாட்டித்தானே இத்தனை தூரம் வந்திருக்கிறாள். வேலையும் அப்படி, அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துவது, நாள் முழுக்க ஒரு வார்த்தை பேச வேண்டாம், காகிதத்தில் பானா அவளை ஒன்றும் செய்வதில்லை. பெண் பார்க்க வந்த அன்று பொன்ராஜின் அம்மா "பேரு என்னம்மா?" என்று கேட்டார்கள். எந்த வார்த்தைக்கும் பதில் வார்த்தை உண்டு, சொந்தப் பெயருக்கு மட்டும் கிடையாது. அவள் தரையைப் பார்த்துச் சிரித்தாள், "வெக்கப்படுதா" என்று அவள் அம்மா முந்திக்கொண்டாள். கல்யாணம் முடிந்து பதினொரு வருஷம். புருஷன் பெயரைச் சொல்லாத வழக்கம் மற்றவர்களுக்கு எப்படியோ, பியூலாவுக்கு அது கர்த்தர் பார்த்துச் செய்த உதவி. என்னங்க என்றால் திரும்பிவிடுகிறார். "எங்க வீட்டுல அதிகம் பேச மாட்டா, பேசுனா அளந்து பேசுவா" என்று அவர் யாரிடமோ பெருமையாகச் சொன்னதை அடுக்களையிலிருந்து கேட்டிருக்கிறாள். அளந்துதான் பேசுகிறாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒருமுறை தனியாக ஓடிப்போய், எங்கே குழி, எங்கே முள் என்று பார்த்துவிட்டு வந்து, சுற்றுவழியில் கூட்டிக்கொண்டு போகிறாள். இப்போது அவர் மண்டபத்தின் கடைசியில், புரொஜெக்டருக்கு முன்னால் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவ்வளவு நம்பிக்கையாக ஏன் காட்டுகிறார்.

வாலிபர்கள் மேடையேறிப் பாட ஆரம்பித்தார்கள். பக்கத்து நாற்காலியில் மகள் ஜெமிமா, சிவப்புக் கவுனில், காலைக்கூட ஆட்டாமல் இருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை இப்படி அசையாமல் இருக்கக் கூடாது. அந்தச் சிவப்பைப் பார்க்கவே பியூலாவுக்கு மனசு ஆகவில்லை. போன வாரம் துணிக்கடையில், ஏணிமேல் நின்ற பெண் "எந்தக் கலர் எடுக்கட்டும் பாப்பா?" என்று கேட்டபோது ஜெமியின் கண் பச்சைமேல்தான் இருந்தது. வாய் திறந்தது, உதடு ஒட்டியது, அந்த ஒட்டலைப் பியூலா தன் உதட்டில் உணர்ந்தாள், பிறகு பிள்ளை "சிவப்பு" என்றாள், தெளிவாக, கொஞ்சம் சத்தமாகவே. கல்லூரி கேண்டீனில் மூன்று வருஷம் எல்லோரும் பஜ்ஜி தின்றபோது பியூலா தின்றது வடை. வடை பிடிக்கவே பிடிக்காது. எல்லாம் அந்த நாடகத்தில் ஆரம்பித்தது, இல்லை, நாடகத்தில் வெளியே தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கிறிஸ்து பிறப்பு நாடகம், ஜெமிக்குத் தேவதூதன் வேஷம், வானத்திலிருந்து வந்து மேய்ப்பர்களிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒத்திகையில் அந்த முதல் எழுத்திலேயே பிள்ளை நின்றுவிட்டாள். மேய்ப்பர்கள் சிரித்தார்கள். டீச்சர் நல்ல டீச்சர்தான், அணைத்துக்கொண்டு, "நீ ஆடா நில்லு செல்லம், ஆட்டுக்கு வசனமே கிடையாது" என்றாராம். அன்று சாயங்காலம் அழுத பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டே பியூலா சொல்லிக்கொடுத்தாள். "வராத வார்த்தையை வச்சு இழுக்காதட்டி. அதுக்கு அண்டையிலயே வேற வார்த்தை ஒண்ணு இருக்கும்லா, அத எடுத்துக்கோ." "உனக்கு எப்படிம்மா தெரியும்?" "ஒரு நூல்ல வாசிச்சேன்." அப்போதும் நூல் என்றுதான் சொன்னாள். சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பிள்ளை கெட்டிக்காரி, பிடித்துக்கொண்டாள். இன்று காலையில், "அந்த வெள்ளையா இருக்கிறத எடுத்துத் தாம்மா" என்றாள். பால். பால் என்கிற ஒற்றை வார்த்தை. பியூலா தம்ளரை நீட்டும்போது மேசையில் கொஞ்சம் சிந்தியது. நானா இதைக் கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு நோயை வாரிசுக்கு விட்டதோடு நில்லாமல் அதை ஒளித்துவைக்க ஒரு பையையும் தைத்துக் கொடுத்தேனா.

பாட்டு முடிந்துவிட்டது. எப்போது முடிந்தது? எட்வின் பிள்ளைகளைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தான். தாள் மறுபடியும் மடிந்திருந்தது. பட்டியலில் நான்காவதை மனசு கண்ணை மூடிக்கொண்டு தாண்டித் தாண்டிப் போனது. முதலாவது 'உப்பளத்து நட்சத்திரம்', பனியே பார்க்காத தூத்துக்குடிப் பிள்ளைகள் உப்பைக் குவித்துப் பனிமலை செய்கிற கதை, வரும். இரண்டாவது 'தையல்காரர் தாவீதின் டிசம்பர்', ஊருக்கெல்லாம் புதுத்துணி தைத்துவிட்டுத் தன் துணியை வெட்ட நேரமில்லாமல் போனவர், அதுவும் வரும். மூன்றாவது 'எட்டு மெழுகுவர்த்தி', வரும். நான்காவது. நான்காவது 'பிச்சம்மாவின் பிளம் கேக்'. பேக்கரியில் இருபது வருஷம் கேக்குக்கு முந்திரி நறுக்கிக் கொடுத்தும் ஒரு துண்டுகூடத் தின்னாத பிச்சம்மா, தன் வீட்டு இட்லிச் சட்டியில் தானே ஒரு கேக் வேகவைத்துப் பார்க்கிற கதை. ஜெமிக்கு உயிர். நான்கு வயதிலிருந்து, டிசம்பர் வந்தால் தினமும் படுக்கையில் வாசிக்க வேண்டும். பியூலா வாசித்தாள். அன்னம்மாவின் கேக் என்று வாசித்தாள். அன்னம்மா அடுப்பைக் குறைத்தாள், அன்னம்மா மூடியைத் திறந்தாள், அன்னம்மா அழுதாள். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் ஒருநாள் ஜெமி அட்டையில் விரலை வைத்து, "ம்மா, இதுல பிச்சம்மான்னுலா போட்டிருக்கு" என்றாள். அப்போது அவளுக்குத் திக்கல் வந்திருக்கவில்லை. "அன்னம்மாதான் கேக்க நல்லாருக்கு" என்று பியூலா பக்கத்தைத் திருப்பினாள். பிள்ளை நம்பிவிட்டது. நம்பிவிட்டதா? இன்று மேடையிலும் அன்னம்மா என்றே சொல்லிவிடலாம். எல்லோர் கையிலும் சபை மடல் இருக்கிறதே. இருக்கட்டும், அச்சுப் பிழை என்று நினைத்துக்கொள்வார்கள். அல்லது நான்காவதை விட்டுவிடலாம், தாள் ஒட்டிக்கொண்டது என்று சொல்லலாம், அல்லது இருமலாம், தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடலாம். "இயேசு பாலகன் பிறந்த ஊர் எது?" என்று எட்வின் கேட்டான். முட்டையிலிருந்து வெளியே வந்த குஞ்சுக்குக்கூடத் தெரிந்த கேள்வி, மண்டபம் முழுக்கச் சின்னக் கைகள் முளைத்தன. ஜெமியின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. எட்வின் அதைத்தான் பார்த்தான். "ஜெமி, நீ சொல்லு பாப்போம்." ஜெமி எழுந்து நின்றாள். பியூலாவின் உதடுகள் தாமாக மூடிக்கொண்டன. பெத்லகேம். அதற்குப் பக்கத்து வார்த்தை கிடையாது. "தெரியாது" என்றாள் ஜெமி. மண்டபம் சிரித்தது, கெட்ட சிரிப்பு இல்லை, செல்லச் சிரிப்பு, பின் வரிசையிலிருந்து யாரோ ஒரு அக்கா, "என்ன பியூலா, பிள்ளைக்குக் கதை சொல்லிக் குடுக்கதே இல்லையா?" என்றாள். பியூலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கீழே பார்த்தாள். சிவப்புக் கவுனின்மேல், தொடையில், ஒரு சின்ன விரல் எழுதிக்கொண்டிருந்தது. முதலில் கொம்பு, பிறகு பானா, பிறகு த், பிறகு ல. யாரும் பார்க்காத இடத்தில், ஒரு பிழையும் இல்லாமல்.

"அடுத்ததாக, இந்தப் பண்டிகைக்கு என்ன வாசிக்கலாம், என்ன பார்க்கலாம் என்று சொல்ல, சகோதரி பியூலா பொன்ராஜ்." இரண்டு பானா சேர்ந்த பெயர் எட்வினின் வாயிலிருந்து வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது. எழுந்தாள். ஒன்பது எட்டு என்று நினைத்தது ஏழில் முடிந்துவிட்டது. மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது, எட்வின் தணித்துக் கொடுத்தான், ஒலிபெருக்கியில் அவளுடைய மூச்சு புஸ்ஸென்று கேட்டது. "விழாவுக்கு வாசிக்க நூல்கள் ஐந்து," என்றாள், "ரசிக்கச் சினிமா மூன்று." வந்துவிட்டது. வந்துவிட்டது. தன் குரல் இவ்வளவு பெரியதாக மண்டபத்தைச் சுற்றி வருவதை முதல் தடவையாகக் கேட்டாள், நன்றாகத்தான் இருந்தது, கேட்கச் சுகமாகக்கூட இருந்தது. உப்பளத்து நட்சத்திரம் வந்தது. தாவீது வந்தார், துணி தைக்க நேரமில்லாமல் பழைய சட்டையோடு ஆராதனைக்குப் போன இடத்தைச் சொன்னபோது சிரித்தார்கள். மெழுகுவர்த்தி எட்டும் வந்தன. முன் வரிசையில் ஐயரம்மா துண்டுக்குள்ளிருந்து தலையாட்டினார். நான்காவது. வாயில் அன்னம்மா தயாராக நின்றாள், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிற பேருந்து மாதிரி, ஏறினால் போதும். அப்போது ஜெமியைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. ஜெமி சபை மடலை மடியில் விரித்து, நான்காவது வரியில் விரலை வைத்துக்கொண்டு, அண்ணாந்து அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படிப் பார்க்கிறாள்? ஒருவேளை அந்த அட்டைமேல் விரல் வைத்த நாளிலிருந்தே பார்க்கிறாளோ? அன்னம்மா என்றால் பிள்ளைக்கு இன்று எல்லாம் உறுதியாகிவிடும், இப்படித்தான் பிழைக்க வேண்டும், ஊர் தெரியாதவளாக, ஆடாக, பச்சை வேண்டாதவளாக. பியூலா உதடுகளை மூடினாள்.

ஒட்டிக்கொண்டன. அவள் எதிர்பார்த்ததைவிட மோசமாக ஒட்டிக்கொண்டன. காற்று முட்டியது, தாடை இறுகியது, இடது கண் தானாக மூடிக்கொண்டது, கழுத்தில் அந்தப் பழைய நரம்பு எழுந்து நிற்பது தெரிந்தது, முப்பது வருஷமாக எங்கே இருந்தாய் நீ. சத்தம் இல்லை. இவ்வளவு ஜனம் இருக்கிற இடத்தில் இவ்வளவு நிசப்தம் எப்படி வந்தது? மின்விசிறி ஒன்று டக் டக்கென்று அடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணாதே, எண்ணினால் நீளும். "மைக் கட்டாயிட்டு போல" என்று யாரோ சொன்னார்கள். எட்வின் ஓடிவந்து மைக்கைத் தட்டினான், டொம் டொம்மென்று கேட்டது, மைக் நன்றாகத்தான் இருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அப்போது அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது, என்ன செய்வதென்று தெரியாதவனின் சிரிப்பு, உடனே அது போய் மற்றது வந்தது. பியூலா இரண்டையும் பார்த்தாள். முதலாவது, பிறகு இரண்டாவது. எட்டு வயதில் பார்த்தவை மாதிரியே இருந்தன, ஆனால் சின்னதாக இருந்தன. எட்வினின் கையை மைக்கிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள். "பி," என்று வந்தது. "பி, பி, பிச்சம்மாவின்." அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது நின்றது, "ப், ப், பிளம் கேக்." ஒரு பையன் சிரித்தான், பளாரென்று ஒரு அடி விழுந்த சத்தம் கேட்டது. இனி நூலுக்குத் திரும்பிவிடலாம், சினிமாவுக்குத் திரும்பிவிடலாம், வழி அப்படியே திறந்து கிடந்தது. "இது ஒரு, பு, பு, புத்தகம்," என்றாள். உடம்பெல்லாம் வேர்த்து முந்தானை முதுகில் ஒட்டியது. இருபது வருஷம் முந்திரி நறுக்கியவளின் கதையைச் சொன்னாள், ஐந்தாவது புத்தகத்தைச் சொன்னாள், மூன்று படங்களையும் படம் என்றே சொன்னாள், ஒவ்வொரு படத்திலும் நின்று, முட்டி, தள்ளி, மறுபடி நின்று. ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். பதினாறு நிமிஷம் ஆனது. முடித்தபோது கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டினார்கள். ஐயரம்மா மட்டும் நின்றுகொண்டு தட்டினார், அது இன்னும் சங்கடமாக இருந்தது. படி இறங்கி வந்து ஜெமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விளக்குகளை அணைத்தார்கள். திரையில் 'கேரல் வண்டி' ஓட ஆரம்பித்தது, அவள் பட்டியலில் இருந்த படங்களில் ஒன்று, பாடகர்களோடும் கிறிஸ்துமஸ் தாத்தாவோடும் ஒரு பழைய வேன் தாமிரபரணிப் பாலத்தின்மேல் நின்றுபோகிற படம். ஜெமி அவள் பக்கம் திரும்பவில்லை. பியூலா கையை நீட்டினாள், பிள்ளை கையை இழுத்துக்கொண்டது. திரையில் எல்லோரும் வேனைத் தள்ளினார்கள், மண்டபம் சிரித்தது. தப்புச் செய்துவிட்டேனோ, பிள்ளையை இன்னும் கூனிக் குறுக வைத்துவிட்டேனோ, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அம்மாவையும் சேர்த்துச் சொல்வார்களோ. "நீ என்னைய மாதிரி, ப, ப, பேசிக் காட்டுனியா?" என்றாள் ஜெமி, திரையைப் பார்த்துக்கொண்டே. கோபத்தில் குரல் கீச்சென்று வந்தது. "இல்லட்டி. அது என், ப், பேச்சுதான்." "ப், பொய்." "நிசம். உன் வயசுக்கும் முந்தியே. வேற வேற வார்த்தை, ப், போட்டு மறைச்சிருவேன். உன்கிட்டயும் மறைச்சேன்." ஜெமி இப்போது திரும்பினாள். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தாள், மெய்ப்புப் பார்க்கிற மாதிரி. "அதான் அன்னம்மாவா?" "அதான்." "உனக்கு எந்த எழுத்து?" "ப், ப், பானா. கானா கொஞ்சம்." "எனக்கும், ப், பானா. அப்புறம், டா, டா, டானா." பியூலாவுக்கு இது தெரியாது. "டானாவா?" "டீ, டீச்சர்னு வராது. மிஸ்னு கூப்பிடுவேன்." "எனக்கு டானா ஒண்ணும் செய்யாது." "மானா?" "செய்யாது." "எனக்கும் செய்யாது" என்று சொல்லிவிட்டு ஜெமி நாற்காலியில் நகர்ந்து அவள் பக்கம் சாய்ந்தாள். இருட்டில் யாரோ குனிந்துகொண்டே வந்து அவர்கள் காலடியில் குத்தவைத்தார். பொன்ராஜ். "என்னாச்சு? மேலுக்கு முடியலையா? பேசையில ஒரு மாதிரி ஆயிட்டியே." "மேலுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் பியூலா. "எனக்குத் திக்கும். சின்ன, ப், பிள்ளையில இருந்து." திரையில் வேன் புகைந்தது. "என்ட்ட சொல்லவே இல்லையே பியூலா." "இல்ல." "பதினோரு வருஷமா?" தலையாட்டப் போனாள், ஆட்டவில்லை. "ஆமா," என்றாள். அவர் குரலில் மனசு விட்டுப்போன ஒரு சத்தம் இருந்தது, அதற்கு இப்போது அவளிடம் மருந்து இல்லை, அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஆற வைக்க வேண்டும். ஜெமி குனிந்து அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்தாள். "ப், ப், ப்பா. எங்க ரெண்டு, ப், பேருக்கும், ப, பா," என்று தொடங்கி அங்கேயே நின்றாள். அந்த வார்த்தை பியூலாவுக்குத் தெரியும், பொன்ராஜுக்கும் தெரிந்திருக்கலாம், இரண்டு பேரும் எடுத்துக் கொடுக்கவில்லை. முன் வரிசையிலிருந்து யாரோ திரும்பி ஸ்ஸ் என்றார்கள். ஜெமி நிறுத்தவில்லை. பொன்ராஜ் புரொஜெக்டர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.